டார்ச் தம்பியின் கோழிக்கூண்டு

நல்ல வெயில் நேரத்தில்கூட, எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் டார்ச் தம்பி வாசற்படியைத் தாண்டியதும் அப்படியே நின்றுவிடுகிறார். கண் பழகட்டும் என்று காத்திருக்கிறார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக வருகிறார். உள்ளே பளிச்சென்று விளக்கு எரிந்தாலும் இதே கதைதான். யாருடைய காலாவது குறுக்கே நீட்டிக்கொண்டிருக்குமோ என்று பயம். கையில் டார்ச் லைட் இருக்கும். கையில் இல்லாவிட்டால் சட்டைப் பையில் இருக்கும். அந்தக் கனத்தில் அவருடைய சட்டைகள் எல்லாமே ஒரு பக்கமாகச் சரிந்துதான் தொங்கும்.

தெருவில் எல்லோருக்கும் அவர் டார்ச். என்னைவிட நாலைந்து வயது சின்னவர் என்பதால் எனக்கு மட்டும் டார்ச் தம்பி. கடைத்தெரு முனையில் இருக்கும் சினிமா தியேட்டரில், டிக்கெட்டைப் பார்த்து இருட்டில் இடம் காட்டுகிற வேலை. மீசை முளைத்த வயதில் சேர்ந்தவர், மீசை நரைத்தும் அங்கேயே இருக்கிறார்.

இருட்டிலேயே பேசிப் பழகியதால் அவருக்குச் சத்தமாகப் பேச வராது. சந்தையில் காய் வாங்கும்போதும் ரகசியம் சொல்வதுபோல் குனிந்துதான் விலை கேட்பார். அவருடைய மனைவி பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் போடுகிறவள். அந்த இயந்திர இரைச்சலில் கத்திக் கத்தியே பேசிப் பழகியவள். “இந்த மனுஷன் என்கூட சண்டை போட்டாலும் காதுக்குள்ளதான் போடுவாரு அக்கா. பாக்கறவங்க நாங்க ஏதோ கொஞ்சிக்கிறோம்னு நெனச்சுக்கறாங்க” என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள்.

எத்தனையோ படங்களுக்கு இடம் காட்டியவர், ஒரு படத்தையும் முதலிலிருந்து பார்த்ததில்லை. எழுத்துப் போடும்போதுதான் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். முடிகிற நேரத்தில் கதவைத் திறந்துவிடப் போய்விட வேண்டும். புதுப் படம் எப்படி என்று யாராவது கேட்டால், “நடுவுல நல்லாத்தான் இருந்துச்சு” என்பார்.

அவருக்கென்று சில சட்டங்கள் உண்டு. வெளிச்சத்தைக் காலடியில்தான் அடிக்க வேண்டும், முகத்தில் அடிக்கக் கூடாது. “மூஞ்சில லைட் அடிச்சா எப்பேர்ப்பட்டவனும் திருடன் மாதிரி முழிப்பான் அக்கா. காசு குடுத்து வந்தவங்கள அப்படி முழிக்க வைக்கலாமா?” தாமதமாக வருகிறவர்களிடம், இடைவேளை நெருங்கிவிட்டாலும், “வாங்க, வாங்க, இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு” என்றுதான் சொல்வார்.

“பொய்தானே தம்பி அது?” என்று ஒருமுறை கேட்டேன்.

“லேட்டா வர்றவங்களுக்கு ஏற்கெனவே மனசு அடிச்சுக்கிட்டு இருக்கும். நாம வேற எதுக்கு?” என்றார்.

மூன்றாவது சட்டம் கதவு பற்றியது. உள்ளே உயிர் இருக்கும்போது வெளியிலிருந்து கதவைப் பூட்டக் கூடாது. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், படம் ஓடிக்கொண்டிருக்கும்போது திரைக்குப் பக்கத்தில் ஒயர் கருகிப் புகை வந்திருக்கிறது. பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஓசியில் நுழைகிறவர்களைத் தடுக்க யாரோ ஒரு பக்கக் கதவை வெளியே பூட்டிவிட்டிருந்தார்கள். சாவி வருகிறவரை அந்தக் கதவை உள்ளிருந்து அடித்த கைகளின் சத்தம் இவர் காதில் இன்னும் இருக்கிறது. ஆண்டவன் கருணையால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து காட்சி தொடங்கியதும் எல்லாக் கதவுகளையும் ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. வீட்டிலும் அப்படியே. குளியலறையில்கூடத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். “உள்ள போனா பாட்டுப் பாடணும் அக்கா. அதுதான் எங்க வீட்டுத் தாழ்ப்பாள்” என்பாள் அவர் மனைவி.

இந்த மூன்று சட்டங்களும் எங்கள் கோழிகள் மேல் வந்து விடியும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு பின்சுவர்தான் இருந்தது. நாங்கள் குடியிருந்தது வாடகை வீடு. வீட்டு உரிமையாளருடைய தங்கை மகன் ஒரு லாரி ஓட்டுநர். குடும்பத்தோடு அவர் அங்கே வரப்போவதாகச் சொல்லி எங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். நல்லபடியாகத்தான் சொன்னார்கள். இரண்டு தெரு தள்ளி மாடியில் ஒரு வீடு கிடைத்தது. எல்லாம் இருந்தது, மண்தரை மட்டும் இல்லை. ஐந்து கோழிகளை மாடியில் எங்கே வைப்பது?

அவை என் மகள் குஞ்சிலிருந்து வளர்த்தவை. வெளியூரில் வேலை கிடைத்துப் போகும்போது பெட்டியைத் தூக்கியபடியே, “அம்மா, என்னைக்கூட மறந்துடு, சாம்பலுக்குத் தண்ணி வைக்க மறந்துடாதே” என்று சொல்லிவிட்டுப் போனாள். சாம்பல் என்பது அந்தக் கூட்டத்துக்கு மூத்தவள். உடம்பெல்லாம் சாம்பல் நிறம், கழுத்தில் மட்டும் செம்மை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் எங்களை விசாரித்து முடித்துவிட்டு, “போனைக் கீழ வை, அதுங்க பேசறதைக் கேக்கணும்” என்பாள். அந்த ஊரில் அவளுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ராத்திரி தூக்கம் வருவதில்லை என்று ஒருநாள் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தக் கோழிகளைக் கறிக்கடையில் கொடுத்துவிட்டேன் என்று நான் எப்படி அவளிடம் சொல்வேன்?

என் வீட்டுக்காரர் அதைத்தான் சொன்னார். “வேற வழி இருந்தா நீயே சொல்லு.” எனக்கு வழி தெரியவில்லை. கொல்லையில் நின்று தீவனம் போட்டுக்கொண்டே வாய்க்குள் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தேன். சுவருக்கு மேல் டார்ச் தம்பியின் தலை தெரிந்தது.

“அக்கா” என்றார், வழக்கமான ரகசியக் குரலில். “அஞ்சு சீட்டுதானே? நம்ம வீட்டுல போட்டுறலாம்.”

தியேட்டரில் அப்போதுதான் பழைய மர நாற்காலிகளைக் கழற்றிவிட்டுப் பஞ்சு வைத்தவை போட்டிருந்தார்கள். அந்தப் பலகைகளைக் கேட்டு வாங்கிவந்து அவரே கூண்டு செய்தார். பக்கச் சுவர்கள் எல்லாம் நாற்காலி முதுகுகள். முட்டையிடும் பெட்டிகளில் இருக்கை எண் தகடுகள் அப்படியே இருந்தன. அவருடைய மனைவி சுற்றிவந்து பார்த்துவிட்டு, “முறுக்கு, சோடா விக்க ஒரு ஆள் போட்டாச்சா?” என்று கேட்டாள்.

கோழிகள் உட்காரும் கம்புகளை மட்டும் அவர் ஒரே மட்டத்தில் வைக்கவில்லை. முன்னால் தாழ்வாக ஒன்று, அடுத்தது கொஞ்சம் உயரம், அதற்கடுத்தது இன்னும் உயரம். படிப்படியாக ஏறியது. ஏன் தம்பி இப்படி என்று கேட்டேன்.

“பின்னாடி உக்காந்திருக்கறதுக்கு மறைக்கக் கூடாது இல்லையா?” என்றார், மிகவும் நிதானமாக.

பொழுது சாய்ந்து கோழிகளுக்குக் கண் மங்கியதும் ஒவ்வொன்றாக அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்க் கம்பில் உட்காரவைத்தோம். அவை அசையவில்லை. அழகாக வரிசையாக இருந்தன. காலையில் வெளிச்சம் வந்ததும்தான் கலவரம். ஐந்துக்கும் உச்சிக் கம்புதான் வேண்டும். ஒன்று ஏறினால் மற்றொன்று கொத்தித் தள்ளியது. இறகு பறந்தது. டார்ச் தம்பி கம்பிவலைக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “எல்லாருக்கும் பால்கனிதான் வேணுமாம்” என்றார். மத்தியானத்துக்குள் எல்லாக் கம்புகளையும் அறுத்து ஒரே மட்டத்துக்கு இறக்கிவிட்டார். சண்டை அத்தோடு நின்றது.

அது சின்னச் சிக்கல். பெரிய சிக்கல் கதவு.

தீவனக் கடைக்காரர் அவரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். “புதுக் கூண்டுல விட்டா ஒரு வாரம் வெளிய விடாதீங்க. உள்ளயே சாப்பிடணும், உள்ளயே தூங்கணும். அப்பத்தான் இதுதான் வீடுன்னு அது மண்டையில ஏறும். நடுவுல தொறந்து விட்டீங்க, பழைய எடத்துக்குத்தான் ஓடும்.”

டார்ச் தம்பி தலையை ஆட்டிவிட்டு வந்தார். மறுநாள் காலையில் கதவைச் சாத்திக் கொண்டியில் கை வைத்தவர், அப்படியே நின்றார். உள்ளே ஐந்தும் கம்பிவலையோரம் வந்து அவரைப் பார்த்தன. சாம்பல் வலையில் அலகால் தட்டினாள். அவ்வளவுதான், கதவைத் திறந்துவிட்டார்.

“நம்பி வந்ததுங்கள உள்ள வச்சுப் பூட்டுன்னா எப்படி அக்கா?” என்றார் என்னிடம். நானும் பாவம் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் ஐந்தும் சுவர் ஏறிக் குதித்து எங்கள் பழைய கொல்லைக்குப் போய்விட்டன. அங்கே பழைய கூண்டு இல்லை, நாங்கள் பிரித்துவிட்டிருந்தோம். வெறும் மண்ணில், கூண்டு இருந்த சதுரத்துக்குள் மட்டும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

ஒவ்வொரு சாயங்காலமும் இதுவே வாடிக்கையாயிற்று. அவை போகும். டார்ச் தம்பி சுவர் ஏறிப் போய் ஒவ்வொன்றாகத் தூக்கிவருவார். மாலைக் காட்சிக்குத் தாமதமாகப் போய் மானேஜரிடம் திட்டு வாங்குவார். “இப்பத்தான் ஆரம்பிச்சிருக்குன்னு உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?” என்று அவருடைய மனைவி கேட்டாள்.

அந்த வாரக் கடைசியில் லாரி ஓட்டுநர் குடும்பம் வந்து இறங்கியது. கூடவே ஒரு நாய். பெரிய உருவம், புது இடம் வந்த மிரட்சி அதற்கும். அன்று சாயங்காலம் சாம்பல்தான் முதலில் சுவரிலிருந்து குதித்தாள். ஓட்டுநர் ஓடிவந்து நாயின் கழுத்துப் பட்டையைப் பிடிப்பதற்குள் அவளுடைய வால் இறகு பாதி போய்விட்டது.

ஓட்டுநர் நல்ல மனிதர். சாம்பலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அவரே வந்தார். “தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஊர்ல இருக்கற அன்னைக்குக் கட்டிப்போட்டுருவேன். லாரிய எடுத்துட்டுப் போயிட்டா? வீட்டுல பொம்பளைங்க பேச்ச அது கேக்காது” என்றார். அவர் சொன்னதில் தவறு இல்லை. இரண்டு மூன்று நாளில் அவருக்கு நெடுந்தூரப் பயணம் இருந்தது.

விஷயம் கேள்விப்பட்டதும் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். “நாய் வாயில போறதுக்குக் கறிக்கடை மேல். நாளைக்கு வரச் சொல்றேன்” என்றார். கோபத்தில் சொல்லவில்லை. அவருக்கும் மனம் கேட்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. அன்றைக்கு நான் வெகுநேரம் முழங்காலில் இருந்தேன். ஐந்து கோழிகளுக்காக இவ்வளவு கேட்பதா என்று கூச்சமாகத்தான் இருந்தது. கேட்டேன்.

மறுநாள் காலையில் கறிக்கடைக்காரரை வரவேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லாமல், எப்படியாவது கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று போனேன். கூண்டுக் கதவு சாத்தியிருந்தது. வெளியே கொண்டி போடவில்லை. உள்ளே பார்த்தால், ஐந்து கோழிகளுக்கு நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு டார்ச் தம்பி உட்கார்ந்திருந்தார். கதவின் கொண்டியைக் கழற்றி உட்பக்கமாக மாட்டியிருந்தார். பக்கத்தில் தண்ணீர் பாட்டில். தலையில் ஒரு வைக்கோல் துரும்பு.

“ஆள் உள்ள இருந்தா பூட்டலாம் அக்கா. வெளிய நின்னு பூட்டறதுதான் எனக்கு ஆகமாட்டேங்குது” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை. இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து அவர் சேர்த்துவைத்திருந்த விடுப்பையெல்லாம் எடுத்துவிட்டார். மானேஜர், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டாராம். “அஞ்சு பேருக்கு எடம் புடிக்கல சார்” என்று இவர் சொன்னாராம். பொய் சொல்ல அவருக்கு வராது, தாமதமாக வருகிறவர்களிடம் தவிர.

என் வீட்டுக்காரரைக் கையோடு கூட்டிவந்து காட்டினேன். அவர் கூண்டைப் பார்த்தார், உள்ளே இருந்தவரைப் பார்த்தார், வெளியே போய்க் கறிக்கடைக்காரருக்கு போன் செய்தார்.

அந்த வாரம் முழுதும் டார்ச் தம்பி கூண்டுக்குள் குடித்தனம் நடத்தினார். அவர் மனைவி வேலைக்குக் கிளம்பும்போது வலை இடுக்கு வழியாக டீயை நீட்டி, “கைதிக்கு வேற ஏதாவது வேணுமா?” என்று கேட்டுவிட்டுப் போவாள். சாப்பிடவும் குளிக்கவும் அவர் வெளியே வருகிற நேரத்தில் நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். எனக்குச் சும்மா இருக்க வராது, வாய்க்குள் பிரார்த்தனை சொன்னேன். கோழிகள் தலையைச் சாய்த்துக் கேட்டன. ராத்திரியில் அவர் கதவைச் சாத்தி, அதற்குக் குறுக்கே கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்தார். பூட்டவும் இல்லை, திறக்கவும் இல்லை.

அவர் கோழிகளோடு என்ன பேசினார் என்பது யாருக்கும் தெரியாது. அவ்வளவு மெதுவாகப் பேசினார். நான் போகும்போதெல்லாம் ஏதாவது ஒன்று அவருடைய முழங்கால் மேல் உட்கார்ந்திருக்கும். சாம்பல் மட்டும் விலகியே இருந்தாள். வால் இல்லாத வெட்கமோ என்னவோ, மூலையில் சுவரைப் பார்த்து நின்றாள். அவர் அவளை வற்புறுத்தவில்லை. “சில பேர் சீட்டு காட்டினாலும் கொஞ்ச நேரம் நின்னுதான் உக்காருவாங்க” என்றார்.

வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் திறந்துவிட்டார். லாரி ஓட்டுநர் பயணம் போயிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் நாய் அலைகிற சத்தம் கேட்டது. பகலெல்லாம் ஐந்தும் கொல்லையில் கிளறித் திரிந்தன. எனக்குச் சோறு இறங்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் நான், என் வீட்டுக்காரர், டார்ச் தம்பியின் மனைவி மூவரும் சமையலறை வாசலில் வந்து நின்றோம். கிட்டே வரவேண்டாம் என்று டார்ச் தம்பி சைகை காட்டிவிட்டார்.

முதலில் ஒன்று, சாவகாசமாக நடந்து கூண்டுக்குள் போனது. அதன் பின்னாலேயே இரண்டு. இன்னொன்று வாசலில் நின்று யோசித்துவிட்டு உள்ளே தாவியது. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கே அன்று சத்தம் எழும்பவில்லை.

சாம்பல் சுவர் மேல் ஏறிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து என் மகள் போன் செய்தாள். “அம்மா, சாம்பல் என்ன பண்றா?” என்றாள் எடுத்த எடுப்பில். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டேன். பதில் சொன்னால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும். சாம்பல் சுவரில் நின்று அந்தப் பக்கம் பார்த்தாள். நாய் குரைத்தது. அவள் இந்தப் பக்கம் பார்த்தாள். இருட்டு கூடிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் கண் தெரியாது. எந்தப் பக்கம் விழுவாளோ.

டார்ச் தம்பி ஓடவில்லை, கூப்பிடவில்லை. டார்ச்சை எடுத்து, அதன் வாயைக் கையால் பாதி மூடி, சுவரடியில் இந்தப் பக்கத்து மண்ணில் வட்டமாக ஒரு மெல்லிய வெளிச்சத்தை விழ வைத்தார். அவள் மேல் அடிக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கழுத்தை நீட்டி அந்த வட்டத்தைப் பார்த்தாள். பிறகு, ஒரு பெருமூச்சு விடுகிற சத்தத்தோடு அதற்குள் குதித்தாள்.

வெளிச்சம் நகர்ந்தது. அவளுக்கு ஓர் அடி முன்னால், அவள் நடக்கிற வேகத்துக்கே நகர்ந்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது. கூண்டு வாசல் வந்ததும் அவர் குனிந்து, உள்ளே கம்பில் காலியாக இருந்த இடத்தைக் காட்டினார்.

“வாங்க, வாங்க” என்று அவர் சொன்னது எங்களுக்குக் கேட்டது. “இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு.”

நான் போனைக் கொண்டுபோய்க் கம்பிவலையில் வைத்தேன். உள்ளே ஐந்தும் தூங்கப் போகும் முன் முணுமுணுக்கிற சத்தம். அந்தப் பக்கம் என் மகள் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது கொண்டி மறுபடி வெளிப்பக்கம் வந்துவிட்டது. ராத்திரியில் அதைப் போடுவது அவர் மனைவியின் வேலை. அவள் போடும்போது அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். விடிகாலையில் திறப்பது அவர். விடுப்பு தீர்ந்துபோனதால் மாலைக் காட்சிக்குச் சரியான நேரத்துக்குப் போய்விடுகிறார். கோழிகள் அவரை எதிர்பார்க்காமல் தாமாகவே உள்ளே போகின்றன. அவருக்கு ஓய்வு நாளாக இருக்கிற சாயங்காலம் நான் முட்டை வாங்கிவரப் போவேன். காசு என்ற பேச்சை எடுத்தால் அவருக்குக் காது கேட்காது.

போன வாரமும் போயிருந்தேன். சாம்பலுக்கு வால் பாதி வளர்ந்துவிட்டது. கம்பில் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பார்த்துக்கொண்டே நின்ற நான், இத்தனை நாள் சொல்லாததை இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று, “தம்பி, நீங்க செஞ்சதுக்கு” என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. கண் நிறைந்துவிட்டது. நன்றாக இருட்டியும்விட்டது.

அவர் டார்ச்சை எடுத்தார். என் முகத்துப் பக்கம் அது திரும்பவே இல்லை. என் காலடியில் வெளிச்சத்தை விழவைத்து, முட்டைக் கூடையோடு நான் நடக்க நடக்க, ஓர் அடி முன்னால், வெளிவாசல் வரைக்கும் அதை நகர்த்திக்கொண்டே வந்தார்.